மிதியும் மௌனமும்: பிரெடெரிக் ஷோபின் வாழ்வு

இலக்கணம் ஒலியை மாத்திரையால் அளக்கிறது. கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என நம் முன்னோர் வகுத்தனர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. குற்றியலுகரமோ தனக்குரிய ஒரு மாத்திரையில் பாதியை இழந்து அரையாய் ஒலிக்கும். ஓர் ஒலி எவ்வளவு நேரம் வாழலாம், எங்கே அடங்க வேண்டும் என்னும் வினாவை இத்துணை நுட்பமாக எழுப்பிய மொழியில் கவிதை படைப்போர் நாம். அவ்வினாவையே தம் வாழ்நாள் முழுதும் ஓர் இசைக்கருவியிடம் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரின் வரலாறு நமக்கு அயலானதாகத் தோன்றாது.

அவர் பிரெடெரிக் ஷோபின். போலந்தில் பிறந்து பாரிஸில் மறைந்தவர். வாழ்ந்தது முப்பத்தொன்பது ஆண்டுகளே. அவர் இயற்றியவற்றுள் ஏறத்தாழ அனைத்தும் பியானோவுக்கு உரியவை. அவற்றை வாசிக்க அமரும் எவரும், விரல்களின் வேகத்தை வென்ற பின்னும் ஒரு வினாவை வெல்ல இயலாமல் நிற்பர். வலக்காலின் கீழுள்ள மிதியை எவ்வளவு பயன்படுத்துவது? மிகுந்தால் இசை கலங்குகிறது, குறைந்தால் வறள்கிறது. இந்த வினா அவருடைய வாழ்வோடு எவ்வாறு பின்னிக் கிடந்தது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமை

வார்சா நகருக்கு மேற்கே ஜெலாசோவா வோலா என்னும் சிற்றூரில் 1810ஆம் ஆண்டு ஷோபின் பிறந்தார். தேவாலயப் பதிவேடு பெப்ரவரி 22 என்கிறது. குடும்பத்தார் மார்ச் 1ஆம் நாளையே பிறந்தநாளாகக் கொண்டாடினர். தந்தை நிக்கோலா பிரான்சிலிருந்து குடிபெயர்ந்து போலந்தைத் தம் நாடாக ஏற்றவர். பிரெஞ்சு மொழி ஆசிரியர். தாய் யுஸ்தினா போலந்துப் பெண்மணி. லுத்விகா, இசபெலா, எமிலியா என மூன்று சகோதரியர். குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே குடும்பம் வார்சாவுக்குக் குடியேறியது.

முதல் ஆசிரியர் வொய்ச்சியேக் ஜிவ்னி. பொகீமியாவில் பிறந்தவர், வயலின் கலைஞர். அவர் சிறுவனுக்கு அளித்த பெருஞ்செல்வம் பாக்கின் இசை. பாக்கின் இசையில் பல குரல்கள் ஒரே நேரத்தில் தனித்தனி வழியே செல்லும். ஒன்றை மற்றொன்று மறைத்தலாகாது. அந்தத் தெளிவை ஷோபின் இறுதிவரை கைவிடவில்லை. மேடைக் கச்சேரிக்கு முன்னும் அவர் தம் இசையை வாசித்துப் பழகாமல் பாக்கையே வாசித்தார் என்பர். ஷோபினின் இசையைப் பனிமூட்டமாக மட்டும் எண்ணுவோர் இந்த வேரை மறந்துவிடுகின்றனர்.

ஏழு வயதில் அவருடைய பொலோனேஸ் ஒன்று அச்சேறியது. எட்டு வயதில் பொதுமேடையில் வாசித்தார். பின்னர் 1826 முதல் 1829 வரை யூசெஃப் எல்ஸ்னரிடம் இசையியற்றல் பயின்றார். மாணவனின் போக்கைத் தம் போக்குக்கு வளைக்காத அரிய ஆசிரியர் எல்ஸ்னர். இதற்கிடையில் 1827இல் தங்கை எமிலியா பதினான்கு வயதில் காசநோய்க்கு இரையானாள். இளமையிலேயே அவ்வீட்டில் நுழைந்த அந்த மௌனம் ஷோபினைப் பின்தொடர்ந்தது.

1829 ஆகஸ்டில் வியன்னாவில் இரு கச்சேரிகள் நிகழ்த்தினார். வரவேற்பு நன்றாகவே இருந்தது. ஆயினும் ஒரு குறை எழுந்தது: ஒலி சிறிது, மென்மை மிகுதி என்றனர். மறு ஆண்டு மார்ச்சில் வார்சாவின் தேசிய அரங்கிலும் இதே குறை எழுந்தது. முதல் நாள் தம் சொந்தக் கருவியில் வாசித்தார். பின்வரிசையார் கேட்கவில்லை என்றனர். இரண்டாம் கச்சேரிக்கு வியன்னாவில் செய்த, ஒலி கூடிய கருவி ஒன்று வந்தது. கைதட்டல் பெருகியது. அவருக்கோ தம் கருவியே உவப்பாக இருந்தது. இருபது வயது இளைஞன் கைதட்டலை விட்டுத் தன் செவியை நம்புவது எளிதன்று. ஷோபினின் வாழ்வில் நாம் காணும் முதல் பெருந்துணிவு இதுவே எனலாம்.

மிதியின் இயல்பு

இங்கே கருவியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். பியானோவின் கட்டை ஒன்றை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டுகிறது. அதே கணத்தில் அக்கம்பியின் மேல் படிந்திருக்கும் கம்பளி ஒட்டிய அடக்கி விலகுகிறது. விரலை எடுத்தால் அடக்கி மீண்டும் படிந்து ஒலியை நிறுத்துகிறது. வலப்புற மிதியை அழுத்தினால் எல்லா அடக்கிகளும் ஒருசேர எழும்பிவிடும். விரல் நீங்கினாலும் ஒலி நீங்காது. அதுமட்டுமன்று, தட்டப்படாத கம்பிகளும் தட்டப்பட்டதன் அதிர்வுக்கு இசைந்து தாமாக முனகத் தொடங்கும். ஒரு சுரத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் எழுகிறது.

அந்த ஒளிவட்டமே ஆபத்தும் ஆகும். மிதி அழுந்தியிருக்கும்போது அடுத்தடுத்து வரும் சுரங்கள் முன்னவற்றோடு கலக்கின்றன. இசைந்த சுரங்கள் கலந்தால் செழுமை. இசையாதவை கலந்தால் குழப்பம். மந்தரச் சுரங்கள் நெடுநேரம் நிற்பதால் விரைவில் கலங்கும். உச்சத்துச் சுரங்களோ கணத்தில் மறையும். ஆகவே பியானோவின் மிக உயர்ந்த கம்பிகளுக்கு அடக்கியே வைப்பதில்லை. இடப்புற மிதியின் வேலை வேறு. அது சுத்தியல் வரிசையைச் சற்று நகர்த்தி ஒலியை மெலிவிக்கிறது.

1700ஐ ஒட்டி இத்தாலியில் கிறிஸ்தோஃபோரி பியானோவை உருவாக்கியபோது இந்தக் கால்மிதி இல்லை. பின்னர் சில கருவிகளில் முழங்காலால் தள்ளும் நெம்புகோல் வந்தது. 1783இல் இலண்டனின் பிராட்வுட் கால்மிதிக்குக் காப்புரிமை பெற்றார். ஷோபின் காலத்தில் மிதி பொதுவாகிவிட்டது. ஆயினும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு அப்போது நிலைத்த மரபு ஏதும் இல்லை. மரபு உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் அவர் வந்தார்.

பாரிஸ்

1830 நவம்பர் 2ஆம் நாள் ஷோபின் வார்சாவை நீங்கினார். அம்மாத இறுதியில் ருஷ்ய ஆட்சிக்கு எதிராக நகரம் கிளர்ந்தெழுந்தது. 1831 செப்டம்பரில் கிளர்ச்சி நசுக்கப்பட்டு வார்சா வீழ்ந்த செய்தி ஷ்டுட்கார்ட் நகரில் அவரை எட்டியது. அவர் தாயகம் திரும்பவே இல்லை. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பாரிஸை அடைந்தார்.

பாரிஸ் அப்போது பியானோ வித்தகர்களின் களம். கால்க்பிரென்னர், ஹெர்ஸ், லிஸ்ட், தால்பெர்க் எனப் பலர் அங்கே திறம் காட்டினர். தால்பெர்க்கின் உத்தி ஊரெல்லாம் பேசப்பட்டது. கருவியின் நடுப்பகுதியில் இரு கட்டைவிரல்களும் மாறிமாறிப் பாடலை எடுத்துச் செல்லும். மேலும் கீழும் பிற விரல்கள் சுர அருவிகளைப் பொழியும். விட்டுச்சென்ற பாடற்சுரத்தை மிதி தாங்கி நிற்கும். கேட்போருக்கு மூன்று கைகள் வாசிப்பதாகத் தோன்றியது. மூன்றாம் கை உண்மையில் ஒரு கால்தான். வித்தக இசையின் வியப்புகளில் பாதி இவ்வாறு மிதியின் மேல் எழுந்தவை.

1837 மார்ச் 31ஆம் நாள் இளவரசி பெல்ஜியோஜோசோவின் மாளிகையில் லிஸ்டும் தால்பெர்க்கும் எதிரெதிரே வாசித்தனர். அதையொட்டி அவ்விளவரசி ஆறு கலைஞர்களிடம் ஒரே மெட்டின் மேல் ஆளுக்கொரு மாறுபாடு எழுதித் தருமாறு வேண்டினார். அவ்வாறு எழுந்த தொகுப்பே ஹெக்ஸாமெரோன். ஐவர் தத்தம் ஆற்றலைக் காட்டி எழுதினர். ஷோபின் எழுதிய ஆறாம் மாறுபாடு மெதுவானது, அமைதியானது. போட்டியின் நடுவே ஒருவர் குரலைத் தாழ்த்திப் பேசினால் அவை எவ்வாறு திரும்பிப் பார்க்குமோ அவ்வாறு அது அமைந்தது.

இதனால் அவருக்கு வித்தகம் இல்லை என்று கருதிவிடலாகாது. 1833இல் வெளிவந்த பன்னிரண்டு எட்யூட்கள், 1837இல் வெளிவந்த மற்றொரு பன்னிரண்டு ஆகியவை இன்றும் பியானோ பயில்வோரை நடுங்கவைப்பவை. முதல் தொகுப்பு லிஸ்டுக்கே காணிக்கையாக்கப்பட்டது. பெருமேடையே அவருக்கு ஒவ்வாதிருந்தது. வாழ்நாளில் அவர் நிகழ்த்திய பொதுக் கச்சேரிகள் முப்பதைச் சுற்றியே இருக்கும். பிளேயல் நிறுவனத்தின் சிறிய அரங்கும் நண்பர்களின் வரவேற்பறைகளுமே அவருக்கு உகந்த இடங்கள். பிளேயல் கருவியின் கட்டைகள் இலேசானவை; ஒலி மெல்லியது, சற்றே திரையிட்டது போன்றது. உடல்நலம் குன்றிய நாள்களில் எரார் கருவியை நாடுவார் என்றும், வலிமையோடு இருக்கையில் தம் ஒலியைத் தாமே தேடிக்கொள்ளப் பிளேயலை நாடுவார் என்றும் கூறுவர். எரார் ஆயத்தமான ஒலியைத் தந்தது. பிளேயல் கலைஞனின் விரலுக்காகவும் காலுக்காகவும் காத்திருந்தது.

ஏட்டில் இட்ட குறிகள்

ஷோபினின் இடக்கை எழுத்தைக் கண்டால் மிதி அவருக்கு அணிகலனன்று என்பது விளங்கும். ஐந்து விரல்கள் எட்டமுடியாத தொலைவில் சுரங்களைப் பரப்பி எழுதியிருப்பார். அடியிலுள்ள மந்தரச் சுரத்தைத் தொட்ட விரல் உடனே அதை விட்டு மேலே பாய வேண்டும். அந்த மந்தரம் நின்றால்தான் மேலெழும் சுரங்கள் அதன்மேல் நிற்கும். 1836இல் வெளிவந்த டி ஃபிளாட் மேஜர் நொக்டர்னை மிதியின்றி வாசித்தால் அடித்தளமற்ற மாடம் போல் இசை சரிந்துவிடும். எனவே அவர் மிதியை மிகக் குறைவாகவே பயன்படுத்தினார் என்னும் கூற்று அப்படியே ஏற்கத்தக்கதன்று.

மறுபுறம், மிதிக்குறி இடுவதில் அவர் காட்டிய கண்டிப்பு அக்காலத்தில் அரிதானது. மிதியை அழுத்தும் இடத்தில் ஓர் எழுத்துக்குறி. விடும் இடத்தில் ஓர் உடுக்குறி. அவருடைய கைப்பிரதிகளில் இவ்வுடுக்குறிகள் அடிக்கப்பட்டும் இடம் மாற்றப்பட்டும் கிடக்கின்றன. செய்யுளில் ஒரு சீரை இவ்வடியின் ஈற்றில் நிறுத்துவதா, அடுத்த அடிக்குக் கொண்டுசெல்வதா என மாறிமாறி எழுதிப் பார்க்கும் கவிஞருக்கு அந்த அடித்தல் திருத்தல்களின் பொருள் புரியும். அழுத்துவதைவிட விடுவதில்தான் அவருக்கு ஐயமும் அக்கறையும் மிகுந்திருந்தன.

இதன் பயனை ராபர்ட் ஷூமன் நேரில் கண்டார். 1836இல் லைப்சிக் நகருக்கு வந்த ஷோபின், பின்னர் இரண்டாம் எட்யூட் தொகுப்பில் முதலாவதாக வெளிவந்த இசையை அவர்முன் வாசித்தார். ஏட்டில் பார்த்தால் அது சிறுசிறு சுரங்களின் இடையறாத நெசவு. அத்தனை சுரங்களும் தனித்தனியே செவியில் விழுந்தன என்று நினைத்துவிட வேண்டா எனத் தம் திறனாய்வில் ஷூமன் எழுதினார். மிதியினால் அவ்வப்போது உயர்த்தப்பட்ட ஒரே சுரக்கூட்டின் அலைவீச்சாகவே அது கேட்டது; அதனூடே பாடல் மட்டும் தெளிவாக மிதந்தது. விரல்களின் வித்தை மறைந்து இசை நின்றது. வித்தக இசைக்கு மிதி செய்யக்கூடிய உயர்ந்த தொண்டு இதுதான்.

மஜோர்க்காவும் நோஆனும்

1836இல் எழுத்தாளர் ஜார்ஜ் சான்டை ஷோபின் சந்தித்தார். 1838 முதல் இருவரும் இணைந்து வாழ்ந்தனர். அவ்வாண்டுக் குளிர்காலத்தில் சான்டின் இரு பிள்ளைகளோடு மஜோர்க்காத் தீவுக்குச் சென்றனர். மழையும் ஈரமும் ஷோபினின் நெஞ்சைத் தாக்கின. காசநோய் என்ற அச்சத்தால் தங்கியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, வால்தெமோசாவில் துறவியர் நீங்கிய ஒரு மடத்தில் குடிபுகுந்தனர். பாரிஸிலிருந்து அனுப்பப்பட்ட பிளேயல் பியானோ சுங்கச் சாவடியில் வாரக்கணக்கில் சிக்கிக் கிடந்து, 1839 ஜனவரியில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை ஓர் எளிய உள்ளூர்க் கருவியே துணை. அந்நிலையில் இருபத்துநான்கு பிரிலியூட்களையும் செப்பனிட்டு முடித்தார்.

அத்தொகுப்பு மிதிக்கு எழுதிய இலக்கணம் போன்றது. இரண்டாம் பிரிலியூட்டில் ஏறத்தாழ முழுதும் மிதிக்குறியே இல்லை. முடிவை நெருங்கும்போது ஒரேயொரு குறி வருகிறது. அதுவரை இருந்த வறட்சி வேண்டுமென்றே அமைத்த வறட்சி என்பது அக்குறியால் தெளிவாகிறது. பதினாறாம் பிரிலியூட்டில் இதற்கு நேர்மாறு. வலக்கை புயலென ஓட, ஒன்றுக்கு மேற்பட்ட தாளக் கட்டங்களை ஒரே மிதியில் அடக்கச் சொல்கிறார். அங்கே கலங்கலே அவர் வேண்டிய நிறம். பதினேழாம் பிரிலியூட்டின் முடிவில் ஒரே மந்தரச் சுரம் பதினொரு முறை மணியோசை போல் ஒலிக்க, அதன்மேல் பாடல் மெல்ல மறைகிறது. அந்த ஓசையை ஏந்தி நிற்பது மிதி.

மஜோர்க்காவிலிருந்து மீண்டபின், பிரான்சின் நடுப்பகுதியில் நோஆன் என்னும் சிற்றூரில் சான்டுக்குச் சொந்தமான இல்லத்தில் 1839இலும் 1841 முதல் 1846 வரையும் கோடைகளைக் கழித்தார். அவருடைய பெரும்படைப்புகள் பல அங்கே உருவாயின. இறுதி ஊர்வல இசையைத் தன்னுள் கொண்ட இரண்டாம் சொனாட்டா 1839இல் அங்கு நிறைவுற்றது. அதன் கடைசிப் பகுதியில் இரு கைகளும் ஒரே வழியில் மூச்சுவிடாமல் ஓடுகின்றன. இறுதிச் சுரக்கூட்டு வரும்வரை மிதிக்குறி எதையும் அவர் இடவில்லை. சாவுக்குப் பின் வரும் வெறுமைக்கு ஒளிவட்டம் தேவையில்லை என அவர் கருதினார் போலும். 1846இல் வெளிவந்த பொலோனேஸ் ஃபான்டசியின் தொடக்கத்திலோ, ஒரு கூட்டொலியிலிருந்து எழும் தனிச்சுரங்கள் பல ஸ்தாயிகளைக் கடந்து மேலேறி மறைய, ஒரே மிதி அவ்வளவையும் தாங்குகிறது. மிதி இன்மையும் மிதி மிகுதியும் இரண்டும் அவருடையவை. இது குறைவா மிகுதியா என்னும் வழக்கன்று; பொருளுக்கு ஏற்ப அளவு என்பதே அவர் நெறி.

ஆசிரியர் ஷோபின்

பாரிஸில் ஷோபினின் வருவாய்க்கு முதன்மையான வழி மாணவர்க்குக் கற்பித்தல். ஒரு பாடத்துக்கு இருபது பிராங்கு. பெரும்பாலோர் உயர்குடிப் பெண்டிர். சிலரே தொழில்முறைக் கலைஞர்கள். மிதியின் செய்தியில் அவர் கடுமையானவர் என்று அவரிடம் பயின்றோர் பதிந்துள்ளனர். தவறாக அழுத்தினால் பொறுக்கமாட்டார். அதன் சரியான பயன்பாடு வாழ்நாள் முழுதும் கற்க வேண்டியது என்று சொல்லி வந்தார். ஆனால் இன்ன இடத்தில் இவ்வளவு என்று பொதுவிதி எதையும் விட்டுச் செல்லவில்லை. பியானோ பயிற்சி நூல் ஒன்றைத் தொடங்கி முடிக்காமலே விட்டார்.

சான்றுகளும் ஒன்றோடொன்று முரண்படுவன போலவே தோன்றுகின்றன. அவர் வாழ்ந்த ஓர்லியான் சதுக்கத்திலேயே குடியிருந்த மார்மொன்தெல் என்னும் இசை ஆசிரியர், ஷோபின் இரு மிதிகளையும் இணைத்துத் திரையிட்ட மென்னொலி எழுப்பியதையும், பிற இடங்களில் அவற்றைத் தனித்தனியே கையாண்டதையும் வியந்து எழுதினார். பல்லாண்டு கழித்து 1915இல், ஷோபினின் படைப்புகளைப் பதிப்பித்த டெபுஸி, தம் இளமைக்கால ஆசிரியை வழியே கேட்டதாக வேறொரு செய்தி சொன்னார்: ஷோபின் மிதியின்றியே பழகச் சொன்னார், சில இடங்கள் தவிர அதை அழுத்தி வைத்திருக்கவும் விடவில்லை.

ஆழ்ந்து நோக்கின் இவை முரண்கள் அல்ல. விரல்கள் தாமே சுரத்தைச் சுரத்தோடு இணைக்கக் கற்ற பிறகே கால் வரவேண்டும். விரலின் பிழையை மூடுவதற்கு மிதி ஒரு போர்வையாகிவிடக் கூடாது. அந்த ஒழுக்கம் கைவந்தவருக்கு மிதி எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு. யாப்பு அறிந்து அதை மீறும் கவிஞரும், யாப்பு அறியாமல் புதுக்கவிதை என்று பெயரிட்டுக்கொள்பவரும் வெளித்தோற்றத்தில் ஒருவரேபோல் காணப்படலாம். செவி இருவரையும் பிரித்தறியும்.

இறுதி ஆண்டுகள்

1844இல் தந்தை மறைந்தார். 1847இல் சான்டோடு இருந்த உறவு முறிந்தது. நோஆன் கோடைகள் முடிந்தன. புதிய படைப்புகளும் ஏறத்தாழ நின்றன. 1848 பெப்ரவரி 16ஆம் நாள் பிளேயல் அரங்கில் பாரிஸ் மக்கள் முன் கடைசியாக வாசித்தார். அன்று பார்கரோல் என்னும் நெடும்படைப்பும் இடம்பெற்றது. அதன் பிற்பகுதி முழு ஆற்றலைக் கோருவது. ஏட்டிலும் அவ்வாறே எழுதியிருந்தார். நோயுற்ற உடலில் அந்த வலிமை இல்லை. அவர் அப்பகுதியை மிக மெல்லிய ஒலியில், ஆனால் எண்ணற்ற நுண்வேறுபாடுகளோடு வாசித்தார். அவையிலிருந்த சார்ல்ஸ் ஹாலே, இப்படித்தான் இது அமைய வேண்டுமோ என எண்ணும் அளவுக்கு மயங்கியதாகப் பின்னாளில் எழுதினார். தாம் இட்ட குறியையே தாம் மாற்ற நேர்ந்தபோதும் ஷோபினின் செவி தவறவில்லை. மண்டபத்தையும் கருவியையும் உடலையும் கேட்டு அக்கணமே அளவை மாற்றிக்கொண்டது.

ஆறு நாள்களில் பாரிஸில் புரட்சி வெடித்தது. மாணவர்கள் சிதறினர். முன்னாள் மாணவியான ஜேன் ஸ்டெர்லிங்கின் அழைப்பை ஏற்று இங்கிலாந்துக்குச் சென்றார். இலண்டன் இல்லத்தில் பிளேயல், எரார், பிராட்வுட் என மூன்று பியானோக்கள் இருந்தன. வாசிக்கத்தான் உடல் இசையவில்லை. மான்செஸ்டர், கிளாஸ்கோ, எடின்பரோ நகரங்களில் தமக்கு ஒவ்வாத பெருமண்டபங்களிலும் வாசித்தார். 1848 நவம்பர் 16ஆம் நாள் இலண்டன் கில்டுஹாலில் போலந்து அகதிகளுக்கு உதவ நடந்த விழாவே அவருடைய கடைசி மேடை.

பாரிஸ் திரும்பிய அவருக்கு அக்கை லுத்விகா வந்து பணிவிடை செய்தார். 1849 அக்டோபர் 17ஆம் நாள் விடியுமுன் வாந்தோம் சதுக்கத்து இல்லத்தில் ஷோபின் உயிர் நீத்தார். அக்டோபர் 30ஆம் நாள் மதலேன் தேவாலயத்தில் மொட்சார்ட்டின் ரெக்வியம் ஒலிக்க இறுதிச் சடங்கு நடந்தது. உடல் பாரிஸின் பேர் லஷேஸ் கல்லறையில் அடங்கியது. இதயம் மட்டும் அவர் விருப்பப்படி லுத்விகாவின் கையோடு வார்சா சென்றது. இன்றும் அங்குள்ள திருச்சிலுவைத் தேவாலயத்துத் தூண் ஒன்றினுள் உள்ளது.

அச்சேறாத கைப்பிரதிகளை அழித்துவிட வேண்டும் என்பதும் அவர் விருப்பம். அது நிறைவேறவில்லை. குடும்பத்தாரின் இசைவோடு நண்பர் ஃபொன்டானா அவற்றுள் சிலவற்றை 1855இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் வாசிக்கப்படும் ஃபான்டசி இம்ப்ராம்ப்டு அவ்வாறு வந்ததே. அவர் அடக்க விரும்பிய ஒலியை உலகம் அடங்க விடவில்லை.

பழைய குறியும் புதிய கருவியும்

ஷோபினுக்குப் பின் கருவி மாறியது. முழு இரும்புச் சட்டம் பரவியது. கம்பிகளின் இழுவிசை கூடியது. மந்தரக் கம்பிகளைப் பிறவற்றின் மேல் குறுக்காகப் பூட்டும் முறைக்குப் பெரிய பியானோக்களில் 1859இல் ஸ்டைன்வே நிறுவனம் காப்புரிமை பெற்றது. ஒலி பெரிதாயிற்று, நெடுநேரம் நின்றது. ஷோபினின் பிளேயல் கருவியில் ஒலி விரைவில் தேய்ந்தது. அதில் தெளிவாகக் கேட்ட நீண்ட மிதி இன்றைய பெருங்கருவியில் சேறாகிவிடலாம். இதைக் கண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் சிலர், அவருடைய மிதிக்குறிகளையே திருத்தி அச்சிட்டனர். மூலபாடத்தை மதிக்கும் பிற்காலப் பதிப்புகள் அவற்றை மீட்டன.

மீட்ட குறியை எப்படி வாசிப்பது? தேர்ந்த கலைஞர்கள் மிதியை முழுதும் அழுத்தாமல் அரையளவும் காலளவும் அழுத்துகின்றனர். அடக்கி கம்பியை மெல்ல உரசுமாறு விட்டு, மந்தரத்தை நிறுத்தி மேற்சுரக் கலங்கலை மட்டும் துடைக்கின்றனர். மண்டபத்தின் எதிரொலி கூடினால் மிதியைக் குறைக்கின்றனர். 1927 முதல் வார்சாவில் நடந்துவரும் ஷோபின் போட்டியின் ஒவ்வொரு சுற்றிலும் இவ்வழக்கு மறைமுகமாக நடந்துகொண்டே இருக்கிறது. 2018இல் அதே நகரில் பழைய கருவிகளுக்கெனத் தனிப்போட்டி ஒன்றும் தொடங்கியது. ஷோபின் காலத்து பியானோக்களில் அவர் குறிகளைக் கேட்கும்போது, மிகை என நாம் கருதிய பல இடங்கள் அளவாகவே இருந்தன என்பது புலனாகிறது.

எனவே எவ்வளவு மிதி என்னும் வினாவுக்கு எண்ணால் விடை சொல்ல இயலாது. சில நெறிகளே கிடைக்கும். மந்தரச் சுரம் நிற்கும்வரை மேலே கட்டடம் எழலாம். சுரக்கூட்டு மாறும் கணத்தில் பழையது விலக வேண்டும். ஆசிரியர் வேண்டுமென்றே கலங்கச் செய்த இடத்தைத் தெளியவைப்பதும், தெளிவாக விட்ட இடத்தைக் கலக்குவதும் குற்றமே. யாவற்றுக்கும் மேலாக, கால் செவிக்கு அடங்கி நடக்க வேண்டும். உணர்ச்சி மிகுந்துவிட்டதாகக் காட்ட மிதியை அழுத்தியே வைத்திருப்போர்தாம் ஷோபினுக்குக் கண்ணீர்க் கலைஞர் என்னும் பெயரை ஈட்டித் தந்தனர். அவர் உடுக்குறியை இட்ட இடங்களில் காலை எடுத்தாலே அப்பழி பெருமளவு நீங்கிவிடும்.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தின் கவியரங்குகளில் எத்தனையோ கவிதைகளைக் கேட்டுவந்திருக்கிறோம். கேட்டவற்றுள் நெஞ்சில் தங்கியவை எவை என எண்ணிப் பார்த்தால், முடிந்த இடத்தில் முடியத் தெரிந்தவையே அவை. ஒரு சொல்லைச் சொன்னபின் அது ஒலித்து அடங்க இடம் தராமல் அடுத்த அடைமொழியை அதன்மேல் ஏற்றினால், இரண்டும் கலங்குகின்றன. இடமே தந்து கொண்டிருந்தால் பாட்டு இற்றுப் போகிறது. அந்த அளவை எந்த யாப்பு நூலும் நமக்காக முடிவு செய்து தராது. ஷோபினின் கைப்பிரதியில் அடித்து அடித்து இடம் மாற்றப்பட்ட அச்சிறு உடுக்குறியை, அடுத்த பத்தாண்டுக்குப் பாட இருக்கும் நம் கவிஞர்கள் தத்தம் ஏட்டின் ஓரத்தில் நினைவாக வரைந்து வைத்துக்கொள்ளலாம்.